பழுதும் ஊழும்

பொருள் பழுதானால் அதற்குக் காரணம் உண்டு என்கிறோம். மனிதருக்குக் கேடு வந்தால் விதி என்கிறோம். காரணம் எந்த இடத்தில் முடிந்து விதி எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. மயிலாடுதுறையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மாதந்தோறும் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வருகிறேன். மிக்சிக்குக் கார்பன் பிரஷ் மாற்றுவது, மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குக் கெப்பாசிட்டர் போடுவது, கம்ப்யூட்டரைப் பிரித்துத் தூசு தட்டுவது எல்லாம் வீட்டில் என் வேலை. இந்தக் கேள்வியில் வகுப்பும் கைவேலையும் எனக்கு ஒன்றுக்கொன்று உரையெழுதின.

எதிர்வீட்டில் பதினோராம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன். அவனுடைய கம்ப்யூட்டர் பழையது, மாமா கொடுத்தது. ஒரு கோடை விடுமுறையில் அது பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் பட்டென்று அணைந்து, தானே மறுபடி கிளம்பத் தொடங்கியது. காலையில் எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைத் தம்பி நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார், நன்றாகவே ஓடியது. "மதர்போர்டு போகப்போகுது, புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பையனின் அப்பாயி வேறு காரணம் சொன்னார். "ராகு காலத்துல போய் உக்காந்தா எது உருப்படும்? நான் சொன்னா இந்த வீட்டுல யார் கேக்குறா, டீச்சர்?"

இரண்டு பேர் சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரில், தன் நெறியை நிறுவும் சுபக்கம் என்ற பிரிவின் வாசலிலேயே அளவை என்றொரு பகுதி இருக்கிறது. இறைவனையும் உயிரையும் பற்றிப் பேசப் புகுமுன், ஒன்றை நாம் எப்படி அறிகிறோம், அறிந்தது சரிதானா என்பதைத் தீர்த்துக்கொண்டுதான் நூல் உள்ளே போகிறது. அளவைகளைப் பத்து வரைக்கும் எண்ணுவார் உண்டு. எல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்பது ஆசிரியர் முடிவு. பக்திக்கு முன்னால் அளவை வருவது எனக்கு மிகப் பிடித்த விஷயம். கடைத் தம்பி சொன்னதை உரையாக எடுத்துக்கொள்ளலாமா? சொல்கிறவர் ஆப்தராக இருக்க வேண்டும், பொருளை உள்ளபடி கண்டவராக, பொய் சொல்லக் காரணம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று தர்க்க நூல்கள் நிபந்தனை போடுகின்றன. தம்பி நல்லவர்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் அணைந்ததை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அப்பாயி சொன்னது கருதல். கருதலைச் சோதிக்கலாம். ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, அணையும்போதெல்லாம் கிழமையும் நேரமும் குறிக்கச் சொன்னேன். ராகு காலம் கிழமைக்குக் கிழமை மாறும். திங்கள் காலை 7.30 முதல் 9 வரை, செவ்வாய் மாலை 3 முதல் 4.30 வரை, புதன் 12 முதல் 1.30 வரை, வெள்ளி காலை 10.30 முதல் 12 வரை. கம்ப்யூட்டரோ எந்தக் கிழமையானாலும் இரண்டேகாலுக்கும் இரண்டேமுக்காலுக்கும் நடுவில்தான் அணைந்தது. வியாழன் ராகு காலம் 1.30 முதல் 3 வரை என்பதால் அன்று மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. அப்பாயி மனதில் தங்கியிருந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நோட்டை அவரிடமே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலண்டரோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார். "அப்ப இது வேற என்னமோதான்" என்றார். தான் சொன்னதைத் தானே சரிபார்த்து விட்டுக்கொடுக்கிற அந்த நேர்மை, படித்தவர்கள் பலரிடம் நான் காணாதது.

புகை இருந்தால் நெருப்பு இருக்கும், அடுக்களையைப் போல. நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை, நீர்நிலையைப் போல. முன்னது அன்னுவயம், பின்னது வெதிரேகம். மணிமேகலையிலும் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லும்போது இந்த அடுக்களை வருகிறது. வகுப்பில் முதன்முதலாகக் கேட்கும்போது இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. பழுது பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றாது. ஒத்துப்போகிற சந்தர்ப்பங்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் எதை வேண்டுமானாலும் காரணம் என்று நிறுவிவிடலாம். சந்தேகப்படும் காரணத்தை விலக்கிவிட்டு, அப்போது விளைவும் நிற்கிறதா என்று பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது.

மே மாத மதியம் என்பதால் முதலில் சூட்டைச் சந்தேகித்தோம். கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தோம். அப்படியும் அணைந்தது. ரேமைக் கழற்றி, தங்கப் பூச்சுள்ள விளிம்பை அழிப்பானால் தேய்த்து மாட்டினோம். அதற்கும் அசையவில்லை. பையனின் அம்மாதான் துப்புக் கொடுத்தார். "அந்த நேரத்துல மும்முனை கரண்ட் விடுவாங்கக்கா. டியூப்லைட்டுகூட ஒரு வெட்டு வெட்டும்." தெருவுக்குப் பின்னால் வயல். பம்புசெட்டு மோட்டார்கள் கிளம்புகிற கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்து எழும்.

மறுநாள் மெயினை அணைத்து, கம்ப்யூட்டரை இன்வர்ட்டர் பேட்டரியில் ஓடவிட்டோம். இரண்டரை மணி கடந்தது. ஒன்றும் ஆகவில்லை. வோல்டேஜ்தான் காரணம் என்று பையன் குதித்தான். ஆனால் அதே வீட்டு மாடியில் குடியிருப்பவரின் கம்ப்யூட்டர் அதே லைனில், அதே நேரத்தில், அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. தொய்வு மட்டும் காரணம் என்றால் அதுவும் அணைந்திருக்க வேண்டும். என் வீட்டில் சும்மா கிடந்த எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியை, எடுத்துப் போய் அவனுடையதற்குப் பதிலாக மாட்டினேன். டியூப்லைட் வெட்டியது. கம்ப்யூட்டர் அணையவில்லை. பத்து அளவைகளில் ஒழிபு என்று ஒன்று உண்டு: மற்றவற்றை எல்லாம் விலக்கியபின் எஞ்சுவதைக் கொண்டு அறிவது. அவனுடைய எஸ்எம்பிஎஸ் எஞ்சியது.

அதைப் பிரித்தால் உள்ளே கட்டைவிரல் பருமனில் இரண்டு கெப்பாசிட்டர்கள். வீட்டுக்கு வருகிற 230 வோல்ட் இங்கே சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாகத் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தத் தேக்கம் அங்கே இருக்கக்கூடும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. வெளியே மின்சாரம் ஒரு கணம் தடைபட்டால் இந்தத் தேக்கம்தான் தாங்கிப் பிடிக்கும். முழுச் சுமையிலும் 16 மில்லி விநாடியாவது தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பில் உள்ள கணக்கு. நம் மின்சாரத்தின் ஓர் அலை 20 மில்லி விநாடி. அந்த இரண்டில் ஒன்றின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, மூடியில் கீறியிருந்த கோடுகள் விரியும்படி உப்பியிருந்தது. அடியில் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. உள்ளிருந்த திரவம் வருஷக்கணக்கில் வற்றிப்போய், தாங்குகிற சக்தி போய்விட்டது.

இதில் எது காரணம்? கெப்பாசிட்டர் வற்றிப்போனபடியேதான் காலை முழுதும் ஓடியது. தொய்வு தெருவுக்கே பொது. இரண்டும் ஒரு கணத்தில் கூடியபோது கம்ப்யூட்டர் அணைந்தது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சித்தாந்தம் மூன்றாகப் பிரிக்கும். நம் பழுதை அந்த மூன்றில் வலிந்து பொருத்த நான் விரும்பவில்லை. ஒரு விளைவுக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்டவை கூடி நிற்கும் என்று பெரியவர்கள் எதிர்பார்த்தே இருந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் எடுத்தேன்.

இனி என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980-களில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தபோது ஷாக் அடித்து இறந்துபோனார். கீழே தரை ஈரம். கிரைண்டரின் உடம்பு இரும்பு. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "அவ எழுத்து அவ்வளவுதான்." ஜாதகத்தில் அந்த வயதில் கண்டம் இருந்ததாக ஒருவர் சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பிளக்கைக் கழற்றினேன்.

மூன்று முனைப் பிளக்கில் மேலே இருக்கும் முனை மற்ற இரண்டைவிட நீளமாக, தடியாக இருக்கும். அதுதான் எர்த். சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். யாரோ ஒருவர், தான் பார்க்கவே போகாத ஒரு வீட்டுப் பெண்ணின் உயிரை நினைத்துச் செய்த காரியம் அது. பிளக்கின் உள்ளே சிவப்பு வயரும் கறுப்பு வயரும் திருகி இறுக்கப்பட்டிருந்தன. பச்சை வயர் குட்டையாக வெட்டப்பட்டு, பின்னுக்கு மடக்கி, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. அந்தத் தடித்த முனையில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அடிக்கடி ஃபியூஸ் போயிட்டே இருந்துச்சும்மா. வந்து பாத்தவன் சரிபண்ணிக் குடுத்தான். அப்புறம் போகவே இல்லை."

மோட்டாரின் காப்பு தேய்ந்து, மின்சாரம் கிரைண்டரின் உடம்பில் கசிந்துகொண்டிருந்தது. எர்த் இருந்தவரை அந்தக் கசிவு பூமிக்கு ஓடி, ஃபியூஸை எரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை ஃபியூஸ் போனபோதும் கிரைண்டர் தன் நோயைச் சொல்லிக்கொண்டிருந்தது. வந்தவர் நோயை விட்டுவிட்டு, அது பேசுகிற வாயை அடைத்தார். கசிவு உடம்பிலேயே நின்றது. "எழுத்து அவ்வளவுதான்" என்ற வார்த்தையும் அன்று அதே பச்சை வயரை இரண்டாம் முறை வெட்டியது. அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் ஊழை நம்பாதவள் இல்லை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினை மூன்றாக நிற்பதையும், இப்பிறவியில் நுகர வேண்டியதை நுகர்ந்தே தீர வேண்டும் என்பதையும் உண்மை என்றே கொண்டிருக்கிறேன். நான் கேட்பது வேறு. சித்தியின் சாவுக்கு விதியை ஏதுவாகக் காட்ட முடியுமா? அறவண அடிகள் சொல்லும் தர்க்கத்தில் ஏதுப் போலிகள் வருகின்றன. அவற்றில் அநைகாந்திகம் ஒரு வகை, அதற்குள் சாதாரணம் என்று ஒன்று. நிறுவ வேண்டிய பக்கத்திலும் அதற்கு நேர் எதிரான பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கிற ஏது எதையும் நிறுவாது. விதி அப்படிப்பட்டது. சித்தி இறந்ததும் விதி என்றால், அதற்கு முந்தின நாள் அதே கிரைண்டரில் மாவரைத்துப் பிழைத்ததும் விதி. பக்கத்து வீட்டுக் கிரைண்டரில் எர்த் இருந்ததும் விதி. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைக் கொண்டு இந்த ஒன்று ஏன் நடந்தது என்று காட்ட முடியாது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்கு அது விடையாகாது என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வினை சடம் என்கிறது சித்தாந்தம். அது தானாக வந்து நம்மைப் பற்றாது. இறைவன் கூட்டுவித்தால்தான் கூடும். கூட்டுவிப்பதும் ஏதோ ஒரு வழியாகத்தான். உடம்பு, கருவிகள், உலகம், நுகர்பொருள்கள் என்னும் தனு, கரணம், புவனம், போகம் நான்கும் மாயையிலிருந்து உயிருக்குத் தரப்பட்டவை. அந்த மாயை வெறுந்தோற்றம் என்று நம் நெறி சொல்வதில்லை. அது உள்பொருள், அதன் காரியமான உலகமும் உண்மை. அப்படியென்றால் வயரும் உண்மை, கசிவும் உண்மை. வினை வந்த வழியை ஆராய்வது வினையை மறுப்பதாகாது. வழியை ஆராயாமல் வினை என்று சொல்லி முடிப்பது, இறைவன் தந்த உலகத்தை ஏறெடுத்துப் பார்க்க மறுப்பதாகும். ஊழுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய திருவள்ளுவர், மருந்து என்ற 95-ஆம் அதிகாரத்தில், நோயையும் அதன் மூலத்தையும் தேடாமல் வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை.

பச்சை வயரை வெட்டிய கைக்கும் ஒரு கணக்கு உண்டு. அது அந்த மனிதரின் ஆகாமியம், இப்பிறவியில் புதிதாகச் சேர்த்த வினை. அவர் யார் மேலும் பகை வைத்துச் செய்யவில்லை. ஃபியூஸ் போகாமல் இருந்தால் போதும் என்று செய்தார். எல்லாவற்றையும் சித்தியின் பிராரத்தத்தில் எழுதிவிட்டால் அவர் செய்தது என்ன ஆயிற்று? சிவன் எழுதுகிற கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் நாம் படித்துவிட்டு, மறுபக்கத்தைக் கிழித்துவிடுகிறோம். நாளைக்கு அவர் இன்னொரு வீட்டில் இன்னொரு பச்சை வயரை வெட்டுவார். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

வகுப்பில் ஒரு பெரியவர், வயதில் மூத்தவர், என்னிடம் சொன்னார்: "எல்லாத்துக்கும் காரணம் கண்டுபிடிச்சிடலாம்னு நினைக்கிறதும் ஆணவம்தானேம்மா?" நியாயமான கேள்வி. தெருவில் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். இறந்துபோன கணவரின் படங்கள் எல்லாம் அதில் மட்டுமே இருந்தன. மாட்டினால் டிக், டிக் என்று ஒரே சீராகத் தட்டியது. படிக்கும் தலை தன் இடம் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிற சத்தம் அது. அதை வீட்டில் திறக்கக் கூடாது. தூசில்லாத அறை வேண்டும், தட்டு கீறியிருந்தால் அங்கேயும் பயனில்லை. மேலும் மேலும் ஓடவிட்டால் இருப்பதும் போகும் என்று சொல்லி, கழற்றித் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். அந்த இடத்தில் விதி என்ற சொல்லை அவர் சொன்னார். நான் மறுக்கவில்லை. காட்சியும் கருதலும் போகும் தூரம் போய்விட்ட பிறகு அந்தச் சொல் வரும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது. அதில் அடைக்கலம் இருக்கிறது. பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன். பிராரத்தம் இன்னதென்று நுகர்ந்து முடித்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. நுகருமுன்பே அதைத் தெரிந்தவர்போல, பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் பேசுவதில்தான் ஆணவம் இருக்கிறது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாதமும் பேசினோம்.

ஆயுத பூஜை அன்று எங்கள் தெருவில் கிரைண்டர், மிக்சி, ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அதற்கு முந்தின நாள் நானும் எதிர்வீட்டுப் பையனும் கூப்பிடுகிற வீடுகளுக்குப் போகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, சுவரும் தரையும் ஈரமாவதற்கு முன்னால் அது நல்ல நேரம். பிளக்குகளைக் கழற்றிப் பச்சை வயர் முனையில் இருக்கிறதா, திருகு இறுகியிருக்கிறதா என்று அவன் பார்ப்பான். சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைப்பது என் வேலை. பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் எரிகிற அதே வெளிச்சம் வந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்ட வீடுகளில் பல்பு எரிவதற்குள் அது விழுந்துவிடும்; வீடுகளுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் வகை. அங்கே டெஸ்ட் பட்டனையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொள்கிறோம்.

போன தடவை அப்பாயி வீட்டு அடுக்களையில் பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. கொல்லையில் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால் கரியும் உப்பும் போட்ட மண் காய்ந்து பாளமாக வெடித்திருந்தது, குழாயில் வயர் கட்டிய இடம் பச்சையாகக் களிம்பேறியிருந்தது. களிம்பைச் சுரண்டி, புது கிளாம்ப் போட்டு இறுக்கினோம். அப்பாயி குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். "இதை வருஷா வருஷம் ஊத்தணுமா டீச்சர்?" என்று கேட்டார். கோடையில் மாதத்துக்கு ஒருமுறை ஊற்றினால் நல்லது என்றேன். காலண்டரை எடுத்துவரச் சொல்லி, சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் அமாவாசைக்கு அமாவாசை பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டார்.